தூக்கத்தைச் சரிசெய்யக் காலையிலிருந்து தொடங்குங்கள்

இரவில் தூக்கம் வரவில்லை என்று சொல்பவர்களிடம், என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். தலையணையை மாற்றினேன், ஒரு மணி நேரம் முன்னதாகவே படுத்துப் பார்த்தேன், மழைச் சத்தம் போட்டுக் கேட்டேன் என்று பெரும்பாலும் படுக்கையைச் சுற்றியே பதில் வரும். இதெல்லாம் தப்பில்லை. ஆனால் அன்றைய இரவுத் தூக்கம் காலையில் கண் விழித்த நேரத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. நினைத்த நேரத்தில் தூக்கத்தை வரவழைக்க யாராலும் முடியாது. எழுந்திருக்கும் நேரம் மட்டும் நம் கையில் இருக்கிறது. கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அந்த ஒரு பிடியிலிருந்துதான் தொடங்குகின்றன.

பல மாதங்களாகத் தூக்கம் கெட்டிருப்பவர்களுக்கும், ராத்திரி 1 மணி வரை முழித்திருந்தே பழகிப்போனவர்களுக்கும் இது பயன்படும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். முதல் நாள் ராத்திரியே எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும். தூங்கும்போது உடம்பு சும்மா கிடப்பதில்லை. ஒரு இரவில் நான்கிலிருந்து ஆறு சுற்றுகள் தூங்குகிறோம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 நிமிடம். லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கண்மணிகள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் என்று ஒவ்வொரு சுற்றிலும் மாறி மாறி வரும். ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி இரவின் முதல் பாதியில் வந்துவிடுகிறது. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது அப்போதுதான். இதயத் துடிப்பு மெதுவாகும். ஆரோக்கியமானவர்களுக்கு ரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். கனவுத் தூக்கம் விடியற்காலையை ஒட்டித்தான் நீளும். அதனால் 11 மணிக்குத் தூங்கி 7 மணிக்கு எழுகிறவர், வேலை இருக்கிறதென்று 5 மணிக்கே அலாரம் வைத்தால், எட்டு மணி நேரத்தில் இரண்டுதானே போனது என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அவருடைய கனவுத் தூக்கத்தில் பெரிய பங்கு போய்விட்டிருக்கும். மனசுக்குள் ஓடும் உணர்ச்சிகளை ஆற்றுவதிலும், கற்றது நினைவில் நிற்பதிலும் அந்தத் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. அரைகுறையாகத் தூங்கிய மறுநாள் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருவதை எல்லோருமே பார்த்திருப்போம்.

உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைச் சோதனைகளே காட்டியிருக்கின்றன. 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். அந்தச் சில நாட்களிலேயே அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. 2004-இல் வந்த இன்னொரு ஆய்வில், இரண்டே இரவுகள் குறைவாகத் தூங்கவைத்ததும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது. தூக்கம் கெட்ட நாட்களில் கண்டதையும் தின்னத் தோன்றுவதற்கு மனவலிமை இல்லாததுதான் காரணம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். 2015-இல் சளி வைரஸை மூக்கில் விட்டுப் பார்த்த ஆய்வில், 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் இதய நலத்துக்கான தன் அடிப்படைப் பட்டியலில் உணவு, உடற்பயிற்சி, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு தூக்கத்தையும் சேர்த்தது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது 2003-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு. தொடர்ந்து 14 நாள் தினமும் 6 மணி நேரம் மட்டுமே தூங்கியவர்களின் கவனமும் வேகமும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போயின. கடைசியில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களின் நிலைக்கே வந்துவிட்டார்கள். ஆனால் அவர்களைக் கேட்டபோது, கொஞ்சம் தூக்கமாக இருக்கிறது, மற்றபடி சமாளிக்கிறேன் என்றுதான் சொன்னார்கள். குறைந்த தூக்கம் எனக்குப் பழகிவிட்டது என்று சொல்பவர்களில் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். உடம்பு பழகுவதில்லை. சோர்வு உறைப்பதுதான் நின்றுபோகிறது.

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. பதின்வயதினருக்கு 8 முதல் 10, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அலாரம் இல்லாமல் ஏறக்குறைய அதே நேரத்தில் விழிப்பு வருகிறது, பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கண் சொருகவில்லை என்றால் உங்கள் அளவு சரி.

இரண்டு விசைகள்

படிகளுக்குப் போகும் முன் இதை மட்டும் புரிந்துகொண்டால், மற்றது எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கத்துக்கான தேவை ஏறும். இதைப் பசி போல நினைத்துக்கொள்ளலாம்: சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நொறுக்குத் தீனி தின்றால் பசி அடங்கிப்போவதைப் போல, மாலையில் ஒரு மணி நேரம் தூங்கினால் இரவுக்கான தேவை கரைந்துவிடும்.

இரண்டாவது, மூளைக்குள் இருக்கும் கடிகாரம். கண்களிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சிறிய நரம்புத் தொகுதி இருக்கிறது. உடல் வெப்பம், ஹார்மோன், விழிப்பு எல்லாவற்றுக்கும் நாள் முழுக்க நேரம் குறிப்பது அதுதான். இந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடும். தினமும் யாராவது அதைத் திருத்தி வைக்க வேண்டும். திருத்துவது வெளிச்சம்.

தேவை போதுமான அளவு ஏறி, கடிகாரமும் இரவு என்று சொன்னால் தூக்கம் தானாக வரும். இரண்டில் ஒன்று கோணிக்கொண்டாலும் புரண்டு புரண்டு படுக்க வேண்டியதுதான்.

முதல் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றாமல் ஏழு நாள் குறிப்பு எடுங்கள். காலையில் இரண்டு நிமிடம் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறிக்க வேண்டாம், உத்தேசமாக இருந்தால் போதும். ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கலாம்:

படுத்தது 10.15. தூக்கம் பிடித்தது 11.30 வாக்கில். நடுவில் இரண்டு முறை விழிப்பு, மொத்தம் 40 நிமிடம். கடைசியாகக் கண் விழித்தது 5.45. படுக்கையை விட்டு எழுந்தது 7.00. மதியம் ஒரு மணி நேரத் தூக்கம். மாலை 5.30-க்குக் காபி.

இவர் படுக்கையில் இருந்தது 8 மணி 45 நிமிடம். தூங்கியது 5 மணி 35 நிமிடம். அதாவது படுக்கையில் இருந்த நேரத்தில் 64 சதவீதம்தான் தூக்கம். மருத்துவர்கள் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று அந்தக் குறிப்பில் கண்ணில் படுகிறது: காலை 5.45-இலிருந்து 7 வரை ஒன்றேகால் மணி நேரம் தூங்காமலே படுத்திருக்கிறார். இரவில் விட்டதைக் காலையில் பிடித்துவிடலாம் என்ற நப்பாசை அது. மதியத் தூக்கமும் மாலைக் காபியும் அதன் பின்னாலேயே வந்தவை. எழுதிப் பார்க்காமல் இருந்திருந்தால், சாயங்காலம் முழுக்கப் படுக்கை விரிப்பையும் தலையணையையும் பற்றித்தான் யோசித்திருப்பார்.

தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் வைத்திருப்பவர்கள் மொத்த நேரத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று அது சொல்வதை நம்பிக் கவலைப்படத் தொடங்கினால், அந்தக் கவலையே தூக்கத்தைக் கெடுக்கும்.

இரண்டாம் படி: எழும் நேரத்தைக் கட்டிப்போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். வேலைக்கோ பள்ளிக்கோ ஒத்துவரும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். 6 மணி என்று வைத்துக்கொள்வோம். வாரத்தின் ஏழு நாளும் 6 மணிக்கு எழுந்துவிடுங்கள். முந்தைய இரவு 3 மணிக்குத்தான் தூங்கினீர்களா? சரி, அன்றைக்கும் 6 மணிதான். அந்தப் பகல் கஷ்டமாக இருக்கும். ஆனால் அன்றிரவு தூக்கத்தின் தேவை நன்றாக ஏறியிருக்கும், சீக்கிரமே கண் அசரும்.

விடுமுறை நாளில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வாரம் முழுக்க 6 மணிக்கு எழுந்தவர் ஞாயிற்றுக்கிழமை 10 மணி வரை தூங்கினால், காலை வெளிச்சம் நான்கு மணி நேரம் தாமதமாகக் கண்ணில் படுகிறது. கடிகாரம் பின்னால் நகர்ந்துவிடும். அன்றிரவு வழக்கமான நேரத்துக்குப் படுக்கும்போது, அவர் விழித்து 12 மணி நேரம் சொச்சம்தான் ஆகியிருக்கும். தூக்கம் எப்படி வரும்? ஊர் விட்டு ஊர் பறந்து வந்தவர் போல திங்கட்கிழமை காலையில் தள்ளாடுவார். விடுமுறையில் கூடுதலாகத் தூங்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். வாரத்தில் விட்ட தூக்கத்தை ஈடுகட்ட, முந்தைய இரவு சற்று முன்னதாகப் படுப்பது இதைவிட நல்லது.

எப்போது படுப்பது என்று கேட்கிறீர்களா? தூக்கம் வரும்போது. அசதி வேறு, தூக்கம் வேறு. உடம்பு களைத்திருக்கும், மனசு துள்ளிக்கொண்டிருக்கும், அது அசதி. கண் எரிந்து, இமை கனத்து, படித்த வரியையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தால் அது தூக்கம். அப்போது எழுந்து போய்ப் படுங்கள்.

மூன்றாம் படி: காலை வெளிச்சம்

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய் இருபது முப்பது நிமிடம் இருங்கள். நடக்கலாம், சும்மா உட்காரலாம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, வெட்டவெளியில் இருந்தாலே போதும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வீட்டுக்குள் எல்லா விளக்கையும் போட்டாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். கண்ணுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, மூளைக் கடிகாரத்துக்குத் தெரியும்.

பகலில் கவனிக்க வேண்டியவை

காபி, டீ பிரியர்களுக்கு ஒரு கணக்கு. கஃபீன் அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தேவை ஏறிக்கொண்டுதான் இருக்கும், மூளைக்குச் செய்தி போகாது. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்குக் குடித்தால் 9 மணிக்குப் பாதி இருக்கும், நடு இரவு தாண்டி 2 மணிக்கும் கால் பங்கு இருக்கும். காபி குடித்தாலும் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறதே என்பவர்கள் உண்டு. தூக்கம் வரலாம், ஆழம் குறையும். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. பெரிய அளவுதான் அது, மூன்று நான்கு கோப்பைக் காபிக்குச் சமம். ஆனாலும் மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. கர்ப்பிணிகளுக்குக் கஃபீன் வெளியேற இன்னும் அதிக நேரம் பிடிக்கும். கோலாவிலும் சாக்லேட்டிலும் சில தலைவலி மாத்திரைகளிலும் அது இருக்கிறது.

பகல் தூக்கத்தை முழுக்க விட வேண்டியதில்லை. 3 மணிக்கு முன்னால், 20 நிமிடத்துக்குள் என்றால் தெம்பு தரும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதியில் எழ நேரும், தலை கனமாகி முன்பைவிட மந்தமாக இருக்கும். இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் மட்டும், சரியாகும் வரை, பகல் தூக்கத்தை ஒத்திப்போடுங்கள்.

உடற்பயிற்சி தூக்கத்தை ஆழமாக்கும். எந்த நேரத்தில் செய்வது என்று குழம்ப வேண்டாம். படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மூச்சிரைக்கச் செய்யாமல் இருந்தால் சரி.

மது குடித்தால் தூக்கம் நன்றாக வருகிறது என்று நம்புபவர்கள் நிறைய. சீக்கிரம் கண் மூடும் என்பது உண்மைதான். ஆனால் உடம்பு அதைக் கரைத்து முடித்த பிறகு, இரவின் பின்பாதியில் தூக்கம் துண்டு துண்டாகும், கனவுத் தூக்கம் குறையும், குறட்டையும் கூடும். தூக்கத்துக்காக அதைத் தொடவே வேண்டாம்.

படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

அலுவலக மின்னஞ்சலை மூடிய ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட முடியாது. இருட்ட இருட்ட, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோனை மூளை சுரக்கத் தொடங்கும், பளிச்சென்ற வெளிச்சம் அதைத் தள்ளிப்போடும். அதனால் தலைக்கு மேல் எரியும் விளக்கை அணைத்துவிட்டு மங்கலான ஒன்றைப் போடுங்கள். செல்போனைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். திரையின் நீல ஒளியைவிட, அதில் ஓடும் விஷயம்தான் பெரிய தொல்லை என்று நான் நினைக்கிறேன். ஒரு சண்டை, ஒரு கெட்ட செய்தி, அடுத்தது என்ன என்று இழுக்கும் தொடர், எல்லாமே மனசைத் தட்டி எழுப்பிவிடும். ஒளியை மட்டும் மஞ்சளாக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பெரிதாகப் பலன் இருக்காது. போனைக் கைக்கெட்டாத தூரத்தில், முடிந்தால் அடுத்த அறையில், சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்குச் சாதாரண கடிகாரம் ஒன்று போதும்.

வெந்நீர்க் குளியல் பிடித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளித்தால் தூக்கம் சீக்கிரம் பிடிக்கும். சூடு தூங்கவைக்கிறது என்று தோன்றும். நடப்பது வேறு: குளியலில் கை கால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து, வெளியே வந்ததும் உடம்பின் உள்வெப்பம் இறங்குகிறது. உள்வெப்பம் இறங்குவதுதான் மூளைக்குத் தூக்க நேரம் என்ற அறிகுறி. அறை சற்றுக் குளிர்ச்சியாக, இருட்டாக, அமைதியாக இருந்தால் நல்லது என்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

படுத்ததும் நாளைய வேலைகள் வரிசை கட்டி வந்தால், படுக்கைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் அவற்றைத் தாளில் எழுதுங்கள். செய்து முடித்ததை எழுதாமல் செய்ய வேண்டியதை எழுத வேண்டும். 2018-இல் ஒரு தூக்க ஆய்வகத்தில் இந்த இரண்டையும் ஒப்பிட்டபோது, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம்.

நடு இரவில் விழித்துவிட்டால்

முதலில் ஒன்று. இரவில் விழிப்பு வருவது நோயல்ல. சுற்றுக்குச் சுற்று இடையில் எல்லோருமே லேசாக விழிக்கிறோம், பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. விழித்த பிறகு நடப்பதுதான் பிரச்சினை. 3 மணிக்குக் கண் திறக்கிறது. கை தானாகப் போனைத் தேடுகிறது. 3.10. இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை. நாளைக்கு முக்கியமான வேலை இருக்கிறது. இப்போதே தூங்கினால்கூட இவ்வளவுதான் தேறும். இந்தக் கணக்குப் போடும்போதே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். படபடக்கும் உடம்புக்குத் தூக்கம் வராது.

கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். மணி தெரியாவிட்டால் கணக்கும் இல்லை. உத்தேசமாக இருபது நிமிடம் போல விழித்திருப்பதாகத் தோன்றினால், எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் ஏற்கெனவே படித்த புத்தகம் எதையாவது படிக்கலாம், துணி மடிக்கலாம். கண் சொருகியதும் திரும்பி வாருங்கள். மறுபடியும் தூக்கம் வரவில்லையா, மறுபடியும் எழுந்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரே இரவில் பல முறை இப்படி நடக்க வேண்டியிருக்கும், மனம் தளர வேண்டாம். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-இல் முன்வைத்த முறை இது. படுக்கையிலேயே மணிக்கணக்கில் தவித்தால், படுக்கை என்றாலே தவிப்பு என்று மூளை கற்றுக்கொள்ளும். வரவேற்பறையில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்த ஒருவர், படுக்கையில் தலை சாய்த்ததும் பட்டென்று விழித்துக்கொள்வது இதனால்தான். படுக்கையில் சாப்பாடு, வேலை, போன் எதுவும் வேண்டாம் என்று சொல்வதும் அதற்காகத்தான்.

தூங்கியே தீர வேண்டும் என்று முயலாதீர்கள். கண்ணை மூடி ஓய்வாகப் படுத்திருந்தாலே போதும் என்று விட்டுவிடும்போதுதான் அது வரும்.

இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால்

மேலே சொன்னதை எல்லாம் மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் படுக்கையில் இருக்கும் நேரத்தில் பாதியை விழித்தே கழிக்கிறீர்கள் என்றால், படுக்கை நேரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். கேட்கத் தலைகீழாக இருக்கும். முன்பு பார்த்த குறிப்பில் இருந்தவரை எடுத்துக்கொள்வோம். அவர் தூங்குவது 5 மணி 35 நிமிடம். அவர் 10.15-க்குப் படுப்பதை நிறுத்திவிட்டு, 11.45-க்குப் படுத்து 6 மணிக்கு எழலாம். படுக்கை நேரம் 6 மணி 15 நிமிடம். சில நாட்களில் தூக்கம் இறுகும், நடுவில் வரும் விழிப்பு குறையும். ஒரு வாரம் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கிவிட்டால், 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். இப்படியே வாரா வாரம் 7 மணி நேரத் தூக்கத்தை நோக்கி நகர வேண்டும்.

முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கக் கலக்கம் கூடும் என்பதால் இது எல்லோருக்கும் ஏற்றதல்ல. வலிப்பு நோய், இருமுனை மனநிலைக் கோளாறு, தூக்க மூச்சுத்தடை உள்ளவர்களும், வண்டி ஓட்டுவதோ இயந்திரம் இயக்குவதோ தொழிலாகக் கொண்டவர்களும் மருத்துவரின் துணையில்லாமல் செய்யக் கூடாது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. படுக்கை நேரத்தைக் குறைப்பதும், தூக்கம் வராதபோது எழுந்து போவதும், தூக்கத்தைப் பற்றிய பயங்களைச் சரிசெய்வதும் சேர்ந்ததுதான் அது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது இந்தச் சிகிச்சைதான், மாத்திரை அதற்குப் பிறகுதான் என்று மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் தூக்கமின்மை முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். கொடுத்த மருத்துவரிடமே கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள், தூங்கும் அறையில் துளி வெளிச்சம் இல்லாமல் கனத்த திரை போடுங்கள், பணிக்குப் போகும் முன் ஒரு குட்டித் தூக்கம் போடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் முறை வைத்து, ஒருவருக்காவது ஒரே மூச்சில் நான்கைந்து மணி நேரம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற ஒழுங்குகள் சில மாதம் காத்திருக்கட்டும்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

பழக்கங்களை மாற்றிச் சரிசெய்ய முடியாத சில கோளாறுகள் உண்டு. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று பிறகு திணறி எழுவது, காலையில் தலைவலி, வாய் வறட்சி, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் தூங்கி வழிவது ஆகியவை தூக்க மூச்சுத்தடையின் அடையாளங்கள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்று போகும் வழி அடைபடுகிறது. தூங்குபவருக்கு இது தெரியவே தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சொல்வார். ஆகவே வீட்டில் யாராவது நீங்கள் மூச்சு விடாமல் கிடந்தீர்கள் என்று சொன்னால் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தமும் இதயமும் பாதிக்கப்படும். நல்ல சிகிச்சை இருக்கிறது. காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும் முகமூடிக் கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். இன்றும் முதன்மைச் சிகிச்சை அதுதான்.

மாலையானால் கால்களில் ஊரல், குடைச்சல், அசைத்தால்தான் நிம்மதி என்று இருந்தால் அது வேறு கோளாறு. இரும்புச் சத்துக் குறைவு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரியும். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்றால் அதையும் தள்ளிப்போட வேண்டாம். தூக்கமின்மையோடு எதிலும் பிடிப்பில்லாத சோர்வும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் மனச்சோர்வை வளர்க்கும். இரண்டையும் சேர்த்தே குணப்படுத்தலாம்.

போகும்போது இரண்டு வாரக் குறிப்பு, சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், குறட்டை இருந்தால் வீட்டார் போனில் எடுத்த ஒரு நிமிடக் காணொலி, இந்த மூன்றையும் எடுத்துப் போங்கள். தூங்க முடியவில்லை என்று வாயால் சொல்வதைவிட இவை மருத்துவருக்கு அதிகம் சொல்லும். சிகிச்சை பலன் தரும் வரை, கண் அசரும் நிலையில் வண்டியை எடுக்காதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் உதவாது. ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள், இல்லையென்றால் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.